சொந்தக் கம்ப்யூட்டரில் யாரிடம் அனுமதி கேட்பது?

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

போன வாரம் அக்கா பேரன் போன் செய்தான். அத்தான் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய பழைய கம்ப்யூட்டர் இப்போது ஆன் ஆவதில்லை. அதிலிருந்து ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றித் தன் லேப்டாப்பில் இணைத்திருக்கிறான். டிஸ்க் தெரிகிறது. அத்தான் பெயரில் உள்ள ஃபோல்டரும் தெரிகிறது. ஆனால் திறந்தால் அதைப் பார்க்க அனுமதி இல்லை என்கிறது. "டிஸ்க்கும் நம்மளது, லேப்டாப்பும் நம்மளது. அப்புறம் யாரு தாத்தா அனுமதி தரணும்?" என்று கேட்டான். அந்த ஃபோல்டரில் மூன்று கல்யாணத்துப் படங்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், அத்தான் உட்கார்ந்து டைப் செய்த குலதெய்வக் கோயில் வரவு செலவு எல்லாம் இருக்கின்றன.

ஹிஸ்டரி வாத்தியாரிடம் போய்க் கம்ப்யூட்டர் சந்தேகம் கேட்கிறானே என்று சிரிக்க வேண்டாம். ஓய்வுக்குப் பிறகு நான் அதிகம் படித்தது கம்ப்யூட்டரின் வரலாறுதான். அக்பர் காலத்து நிர்வாகத்தைப் பாடம் நடத்தியவனுக்கு இது புதிதும் இல்லை. எந்தப் பதிவேட்டை யார் பார்க்கலாம், யார் எழுதலாம் என்பது அங்கேயும் பெரிய விஷயம்.

முதல் கம்ப்யூட்டர்களில் இந்த அனுமதிப் பிரச்சினையே கிடையாது. ஒரு அறை முழுக்க ஒரு இயந்திரம். உங்கள் புரோகிராமைத் துளையிட்ட அட்டைகளாகப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆபரேட்டர் அதை ஓட்டிவிட்டு அட்டைகளையும் அச்சடித்த விடையையும் திருப்பித் தருவார். பெட்டியை வீட்டுக்கே எடுத்துப் போகலாம். உங்கள் கையில் இருப்பது உங்களுடையது.

1961 நவம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு வேறொரு முறையைச் செய்து காட்டியது. ஒரே இயந்திரத்தின் நேரத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, டைப்ரைட்டர் போன்ற முனையங்களின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பல பேருக்கு மாற்றி மாற்றிக் கொடுப்பது. அதன் பெயர் சி.டி.எஸ்.எஸ். இது வளர வளர எல்லோருடைய வேலையும் ஒரே டிஸ்க்கில் போய்ச் சேர்ந்தது. அட்டைப் பெட்டி போயிற்று, 'இது யாருடையது?' என்ற கேள்வி வந்தது. ஆளுக்கு ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள்.

பூட்டு வந்த உடனேயே அதைத் திறந்தவரும் வந்துவிட்டார். ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்குக் கொடுத்திருந்த கம்ப்யூட்டர் நேரம் போதவில்லை. டிஸ்க்கில் உள்ள ஃபைல்களை அச்சடித்துத் தரும்படி அட்டையில் எழுதிக் கேட்கலாம் என்று ஒரு வசதி இருந்தது. 1962ல் அவர் பாஸ்வேர்டு ஃபைலின் பெயரையே எழுதிப் போட்டார். அச்சாகி வந்துவிட்டது! பல வருடங்கள் கழித்து அவரே சொன்ன கதை இது. அந்த ஃபைலைப் படிக்கக் கூடாது என்று இயந்திரத்துக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

அடுத்த கதை 1966ல். இதை நம் வீடுகளுக்காகவே சொல்கிறேன். அந்த சிஸ்டத்தை நிர்வகித்தவர்களில் ஒருவர் அன்றைய அறிவிப்பை எடிட் செய்துகொண்டிருந்தார், அதே நேரத்தில் இன்னொருவர் பாஸ்வேர்டு ஃபைலை எடிட் செய்துகொண்டிருந்தார். இருவரும் வேலை செய்தது ஒரே இடத்தில். எடிட்டர் புரோகிராமோ தன் தற்காலிக ஃபைலுக்கு எப்போதும் ஒரே பெயரைத்தான் வைக்கும். ஒரு இடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருப்பார் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட புரோகிராம் அது. இரண்டு ஃபைலும் இடம் மாறிக்கொண்டன. அதன்பின் உள்ளே வந்த ஒவ்வொருவரின் முனையத்திலும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய பாஸ்வேர்டும் வரிசையாக அச்சானது. கோர்பட்டோ தன் டூரிங் விருது உரையிலேயே இதைச் சொல்லியிருக்கிறார். ஒரே லாகினில் நான்கு பேர் புழங்கும் வீடுகளில் இதன் சின்னச் சின்ன வடிவங்கள் தினமும் நடக்கின்றன. தம்பி அழித்த ஃபைல் அண்ணனின் புராஜெக்ட்டாக இருக்கும்.

பட்ட அனுபவத்தோடு அடுத்து மல்டிக்ஸ் என்ற பெரிய சிஸ்டத்தைத் திட்டமிட்டார்கள். எம்.ஐ.டி.யோடு ஜெனரல் எலக்ட்ரிக்கும் பெல் ஆய்வகமும் சேர்ந்துகொண்டன. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்ற அமைப்பும், ஒவ்வொரு ஃபைலோடும் ஒரு பெயர்ப் பட்டியலை வைத்து இன்னார் படிக்கலாம், இன்னார் எழுதலாம் என்று குறிப்பதும் 1965லேயே அவர்கள் எழுதி வெளியிட்ட திட்டத்தில் இருக்கின்றன. ஆனால் வேலை இழுத்துக்கொண்டே போனது. 1969ல் பெல் ஆய்வகம் விலகிவிட்டது. அங்கிருந்து திரும்பிய கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி இருவரும் ஒரு சின்ன இயந்திரத்தில் தங்களுக்கென்று ஒன்றை எழுதத் தொடங்கினார்கள். அதுதான் யூனிக்ஸ்.

சின்ன இயந்திரத்தில் பெயர்ப் பட்டியலுக்கெல்லாம் இடம் ஏது? அதனால் அவர்கள் சுருக்கினார்கள். 1971 நவம்பர் தேதியிட்ட முதல் கையேட்டைப் பார்த்தால், ஒரு ஃபைலுக்கு உரிமையாளர் ஒருவர், மற்றபடி 'மற்றவர்கள்', அவ்வளவுதான். படிக்கலாமா, எழுதலாமா என்று இரண்டு தரப்புக்கும் தனித்தனியாக ஆமாம் இல்லை. புரோகிராமாக ஓட்டலாமா என்பதற்கு ஒன்று. சில வருடங்களில் நடுவில் 'குழு' என்ற மூன்றாவது தரப்பும் சேர்ந்தது. வீட்டுக்காரர், பங்காளிகள், ஊரார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தரப்பு, ஆளுக்கு மூன்று கேள்வி, மொத்தம் ஒன்பது ஆமாம்-இல்லை. இன்றும் லினக்ஸிலும் ஆப்பிள் கம்ப்யூட்டர்களிலும் இதே ஒன்பதுதான் அடிப்படை.

கணக்கு வாத்தியார்களுக்குப் பிடித்த இடம் ஒன்று இதில் உண்டு. படிக்க 4, எழுத 2, ஓட்ட 1. கூட்டிப் பாருங்கள்: படிக்கவும் எழுதவும் என்றால் 6, படிக்கவும் ஓட்டவும் என்றால் 5, எல்லாம் என்றால் 7. எந்தக் கூட்டலும் இன்னொன்றோடு மோதாது. உங்களில் ஐ.டி. வேலைக்குப் போன பிள்ளைகள் 755, 644 என்று தட்டுகிறீர்களே, அதன் பொருள் இதுதான். 755 என்றால் உரிமையாளருக்கு எல்லாம், மற்ற இரு தரப்புக்கும் படிக்கவும் ஓட்டவும் மட்டும். ஏதாவது திறக்கவில்லை என்றால் 777 என்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களும் உங்களில் இருக்கிறீர்கள் என்று தெரியும். ஊரார் எல்லோருக்கும் வீட்டைத் திறந்து வைத்த மாதிரி அது.

ஃபோல்டர் விஷயத்தில் பெரியவர்களே தடுமாறுவார்கள். ஃபோல்டரை ஒரு வருகைப் பதிவேடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது பெயர்கள் மட்டும், பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். பதிவேட்டைப் படிக்க அனுமதி என்றால் பெயர்களைப் பார்க்கலாம். எழுத அனுமதி என்றால் பெயரைச் சேர்க்கலாம், அடிக்கலாம். அந்த 1 என்ற அனுமதிக்கு ஃபோல்டரில் பொருள் வேறு: அதன் வழியே உள்ளே போகலாம். இப்போது ஒரு கேள்வி. ஒரு ஃபைலைப் 'படிக்க மட்டும்' என்று பூட்டி வைத்திருக்கிறீர்கள். அது இருக்கும் ஃபோல்டரில் எனக்கு எழுதவும் உள்ளே போகவும் அனுமதி இருக்கிறது. அந்த ஃபைலை நான் அழிக்க முடியுமா? யூனிக்ஸில் முடியும். நான் ஃபைலில் எழுதவில்லையே, பதிவேட்டில் பெயரைத்தானே அடிக்கிறேன்! எல்லோரும் எழுதக்கூடிய பொது ஃபோல்டர்களில் இது பெரிய தொல்லையானது. 1986ல் பெர்க்லியில் வந்த யூனிக்ஸில்தான், பொது இடமானாலும் அவரவர் ஃபைலை அவரவர்தான் அழிக்கலாம் என்று ஒரு குறி வந்தது.

ரிட்சியின் இன்னொரு யோசனையையும் சொல்ல வேண்டும். பாஸ்வேர்டு ஃபைலில் சாதாரண ஆள் எழுதக் கூடாது. ஆனால் தன் பாஸ்வேர்டைத் தானே மாற்றிக்கொள்ள வேண்டும். எப்படி? நம் பணிப்பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். அது அலுவலகப் பீரோவில் இருக்கும். நான் கை வைக்க முடியாது. கிளார்க்கிடம் சொன்னால் என் பக்கத்தை மட்டும் எடுத்து, என் விடுப்பை மட்டும் பதிவார். ரிட்சி அந்த கிளார்க்கைப் புரோகிராமாக்கினார். ஓட்டுவது யாராக இருந்தாலும், அந்த ஒரு புரோகிராம் ஓடும்போது மட்டும் அதன் உரிமையாளரின் அதிகாரம் அதற்கு இருக்கும். 1979 ஜனவரியில் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. பெல் ஆய்வகம் அதைப் பொதுமக்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டது.

இவ்வளவும் 1970களிலேயே தயார். ஆனால் வீட்டுக்குள் கம்ப்யூட்டர் வந்தபோது இதில் எதுவும் கூட வரவில்லை.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். பி.சி. வந்தது. அடிப்படை மாடலில் 16 கிலோபைட் நினைவகம். டாஸ் என்ற சிஸ்டம். ஒவ்வொரு ஃபைலைப் பற்றியும் டிஸ்க்கில் 32 பைட் குறிப்பு எழுதி வைக்கும். பெயருக்கு எட்டு, பின்னொட்டுக்கு மூன்று, தேதி, அளவு. அதில் ஒரே ஒரு பைட்டில்தான் 'மறைத்தது', 'சிஸ்டத்துடையது' போன்ற குறிகள். 'படிக்க மட்டும்' என்ற குறியும் பின்னால் அதிலேயே வந்தது. உரிமையாளர் யார் என்று எழுத இடமே கிடையாது. அந்தக் குறிகளையும் யார் வேண்டுமானாலும் மாற்றலாம்.

இதை முட்டாள்தனம் என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. ஒரு மேஜை, ஒரு இயந்திரம், ஒரு ஆள். பள்ளி லேபில் சட்டைப் பையில் ஃபிளாப்பியோடு வந்து நின்ற பிள்ளைகளை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பழைய அட்டைப் பெட்டிதான் சின்னதாகித் திரும்பி வந்திருந்தது. கையில் இருப்பது உன்னுடையது. பிரச்சினை பிறகுதான் வந்தது. ஹார்ட் டிஸ்க் வந்து ஃபிளாப்பியை ஓரம் கட்டியது. ஒருவருக்கு வாங்கிய இயந்திரத்தில் குடும்பமே உட்கார்ந்தது. டெலிபோன் வயர் வழியாக வெளியுலகமும் உள்ளே வந்தது. ஃபைல்கள் மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமலே கிடந்தன. 1995ல் வந்த விண்டோஸ் 95 பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். எஸ்கேப் பட்டனை அழுத்தினால் பேசாமல் உள்ளே விட்டுவிடும்.

அதே மைக்ரோசாஃப்ட்டில் 1988லிருந்து டேவிட் கட்லர் தலைமையில் இன்னொரு குழு வேறு மாதிரி வேலை செய்துகொண்டிருந்தது. டெக் நிறுவனத்தில் பெரிய சிஸ்டம் எழுதிப் பழகியவர் அவர். 1993 ஜூலையில் வந்த விண்டோஸ் என்.டி.யில் ஒவ்வொரு ஃபைலுக்கும் உரிமையாளரும் உண்டு, மல்டிக்ஸ் பாணிப் பெயர்ப் பட்டியலும் உண்டு. ஆனால் அது அலுவலகங்களுக்கானது. 2001 அக்டோபரில் எக்ஸ்பி வந்தபோதுதான் இந்தப் பூட்டு சாவியெல்லாம் சாதாரண வீட்டுக்கு வந்தன. வந்தும் என்ன? இன்ஸ்டால் செய்யும்போது உருவாக்கும் எல்லாப் பெயர்களுக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரம். வீட்டுப் பதிப்பில் அந்தப் பெயர்ப் பட்டியலைப் பார்க்கும் பக்கத்தையே மறைத்து வைத்திருந்தார்கள், சேஃப் மோடில் போனால்தான் தெரியும். வீட்டிலிருக்கும் எல்லோர் கையிலும் பீரோ சாவி.

நடுவில் 2000 மே 4ல் ஒன்று நடந்தது. 'ஐ லவ் யூ' என்ற தலைப்போடு மின்னஞ்சல், பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பி உலகம் முழுக்கப் போனது. இணைப்பைத் திறந்தால் முகவரிப் புத்தகத்தில் உள்ள எல்லோருக்கும் தன்னை அனுப்பும். டிஸ்க்கில் உள்ள படங்களைத் தேடி, அவற்றின் மேலேயே தன்னை எழுதிக்கொள்ளும். பாட்டு ஃபைல்களை மட்டும் அழிக்காமல் 'மறைத்தது' என்று குறி போட்டுவிடும். அந்த டாஸ் காலத்து ஒரு பைட்தான். பாட்டைத் தொலைத்ததாக நினைத்தவர்கள் குறியை எடுத்து மீட்டார்கள். படத்தைத் தொலைத்தவர்களுக்கு வழியில்லை.

இதில் யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வீட்டில் அப்போதே ஒழுங்கான அனுமதி முறை இருந்திருந்தாலும் உங்கள் படங்கள் பிழைத்திருக்காது. கோர்பட்டோ காலத்திலிருந்து எல்லோரும் போட்ட பூட்டு ஒரு மனிதரிடமிருந்து இன்னொரு மனிதரைக் காக்கும் பூட்டு. நீங்கள் ஓட்டும் புரோகிராம் உங்கள் கை மாதிரி என்று எண்ணினார்கள். உங்களுக்கு என்னென்ன அனுமதியோ அத்தனையும் அதற்கும் உண்டு. ஒரு பல்கலைக்கழகத்தில், தெரிந்தவர் எழுதிய புரோகிராமை ஓட்டிய காலத்துக்கு அது சரி. யாரோ அனுப்பியதைத் தொட்டுத் திறக்கும் காலத்துக்கு அது போதவில்லை.

2007 ஜனவரியில் விஸ்டா வந்தது. அட்மினிஸ்ட்ரேட்டராகவே இருந்தாலும் அன்றாட வேலைக்குச் சாதாரண அதிகாரம்தான், பெரிய மாற்றம் என்றால் திரையை மங்கலாக்கிக் கேட்கும். எதற்கெடுத்தாலும் கேட்டது. ஊரே திட்டியது. 2008ல் ஒரு மாநாட்டில் மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர், எரிச்சலூட்டத்தான் அதை வைத்தோம் என்று வெளிப்படையாகவே சொன்னார். ஜனங்கள் எரிச்சலானால்தான் புரோகிராம் எழுதுகிறவர்கள் தேவையில்லாமல் பெரிய அதிகாரம் கேட்பதை நிறுத்துவார்கள் என்பது கணக்கு. எனக்கு அந்தக் கணக்கு சரியாகவே படுகிறது.

இப்போது அக்கா பேரன் கேள்விக்கு வருகிறேன். விண்டோஸ் பட்டியலில் எழுதி வைப்பது அத்தானின் பெயரை இல்லை. எஸ்-1-5-21 என்று ஆரம்பித்து நீளும் ஒரு எண்ணை. பெயர் நம் கண்ணுக்காக. பழைய கம்ப்யூட்டருக்கு அந்த எண் யாரென்று தெரியும். புது லேப்டாப்புக்கு அப்படி ஒருவரையே தெரியாது. அதே பெயரில் புதிதாக லாகின் உருவாக்கினாலும் எண் வேறாகத்தான் வரும். பட்டியலில் இருப்பவர் இங்கே இல்லை, இங்கே இருப்பவர் பட்டியலில் இல்லை. அதனால்தான் கதவு திறக்கவில்லை.

யார் அனுமதி தருவது? அந்த லேப்டாப்பின் அட்மினிஸ்ட்ரேட்டர், அதாவது அவனேதான். எச்சரிக்கையில் உள்ள 'கன்டினியூ' பட்டனை அழுத்தினாலே பல சமயம் போதும். போதாவிட்டால் ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போய், ஓனர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டு, உள்ளே உள்ளவற்றுக்கும் சேர்த்து மாற்று என்ற கட்டத்தை டிக் செய்ய வேண்டும். பிறகு தன் பெயரைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நிறைய ஃபைல் இருந்தால் நேரம் எடுக்கும், நடுவில் நிறுத்தக் கூடாது. அவன் செய்தான், திறந்துவிட்டது. கோயில் கணக்கில் அத்தான் 17 ரூபாய் இடிப்பதைக்கூடச் சிவப்பு எழுத்தில் குறித்து வைத்திருக்கிறார்.

ஆனால் இதைப் பழைய டிஸ்க்கின் சொந்த ஃபோல்டரில் மட்டும் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் ஃபோல்டரிலேயே போய் ஓனரை மாற்றிவிட்டு, அப்டேட் வரவில்லை என்று என்னிடம் வராதீர்கள். 'எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்' என்று போடுவதும் நம் பழைய 777தான்.

அவன் திறந்ததை இன்னொரு பக்கமிருந்தும் பாருங்கள். அத்தான் பாஸ்வேர்டு தெரியாமலே ஃபோல்டர் திறந்துவிட்டதே! இந்த அனுமதி என்பது சுவரில் இல்லை, வாசலில் நிற்கும் வாட்ச்மேனிடம் இருக்கிறது. விண்டோஸ் ஓடும்போது அவர் தடுப்பார். டிஸ்க்கைக் கழற்றி வேறு இயந்திரத்தில் மாட்டினால் அங்கே வேறு வாட்ச்மேன், நீங்கள் சொல்வதைத்தான் கேட்பார். பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடுகிறவர்கள், 'பாஸ்வேர்டு போட்டிருக்கேன் சார்' என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். உண்மையாகவே பூட்ட வேண்டுமென்றால் பிட்லாக்கர் போன்ற முறையில் டிஸ்க்கையே சங்கேதமாக்க வேண்டும். அப்போது ஓனரை மாற்றினாலும் ஒன்றும் தெரியாது, சாவி இருந்தால்தான் உண்டு. பென் டிரைவ் கதையோ வேறு. பெரும்பாலும் அதில் இருப்பது டாஸ் வழி வந்த அமைப்பு, ஓனரே கிடையாது. வீட்டில் எவ்வளவு பூட்டி வைத்த ஃபைலும் அதில் ஏறினால் ஊர்ச் சொத்து.

அந்தப் பழைய 'புரோகிராம் என் கை' என்ற எண்ணத்தை முதலில் பெரிய அளவில் உடைத்தது நம் சட்டைப் பையில் இருக்கும் போன். ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ். அதில் ஒவ்வொரு ஆப்பையும் தனி ஆளாகக் கணக்கெடுத்து, தனி எண் கொடுத்தார்கள். 1971ல் இரண்டு மனிதர்களுக்கு நடுவில் போட்ட சுவரை இரண்டு ஆப்களுக்கு நடுவில் போட்டுவிட்டார்கள். அதற்கு மேல், படங்களைப் பார்க்கட்டுமா, தொடர்புகளைப் பார்க்கட்டுமா என்று ஓடும்போதே கேட்கும் வழக்கம் 2015ல் வந்தது. படிக்காமல் 'அலவ்' அழுத்தும் நம் சொந்தபந்தங்கள் யாரென்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை. 2017ல் விண்டோஸ் 10க்கும் இதன் சாயல் வந்தது. 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் அக்சஸ்' என்று செக்யூரிட்டிப் பகுதியில் இருக்கும். நம்பகமான புரோகிராம் தவிர வேறெதுவும் உங்கள் டாக்குமென்ட்ஸ், படங்கள் ஃபோல்டர்களில் கை வைக்க விடாது. தானாக ஆன் ஆகாது, நீங்கள்தான் ஆன் செய்ய வேண்டும்.

பள்ளி திறக்கும் மாதம், பலர் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்குவீர்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் லாகின் ஒன்று தனியாக வைத்து, புரோகிராம் ஏற்றும்போது மட்டும் அதைத் தொடுங்கள். பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் 'ஸ்டாண்டர்டு' லாகின், ஆளுக்கு ஒன்று. அந்த அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டையும், பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியையும் ஒரு தாளில் தெளிவாக எழுதி, வீட்டுப் பத்திரம் வைத்திருக்கும் கவரிலேயே வையுங்கள். கவர் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரியட்டும்.